காப்பீட்டில் நுகர்வோர் பாதுகாப்பு: கொல்கத்தா தரும் பாடங்கள்

கொல்கத்தா நகரின் சித்தரஞ்சன் அவென்யூவில் இந்துஸ்தான் கட்டடம் அமைந்துள்ளது. 1907-ஆம் ஆண்டில், சுதேசி இயக்கத்தின் வேகத்தில் தோன்றிய இந்துஸ்தான் கூட்டுறவுக் காப்பீட்டுச் சங்கத்தின் பெயரை அது தாங்கி நிற்கிறது. இன்று ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கிழக்கு மண்டல அலுவலகம் அங்கே உள்ளது. அதன் இணைப்புக் கட்டடத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் மீது பாலிசிதாரர்கள் கூறும் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரின் அலுவலகம் இயங்குகிறது. காப்பீட்டை விற்கும் இடமும், அது பொய்த்துப் போனால் முறையிடும் இடமும் ஒரே வளாகத்தில் அமைந்தது தற்செயலே. ஆயினும் முன்னது தோன்றிப் பின்னது தோன்றுவதற்குள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. அந்த இடைவெளியைச் சட்டம் எவ்வாறு கடந்தது, இன்னும் கடக்க வேண்டியது எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பீடு ஏன் தனி வகைப் பண்டம்?

அரிசி வாங்குபவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். துணி வாங்குபவர் அதன் நெசவைத் தடவிப் பார்க்கலாம். காப்பீடு வாங்குபவர் பெறுவதோ ஒரு வாக்குறுதி மட்டுமே. பணத்தை இன்று செலுத்துகிறார். பண்டம் எப்போது வந்து சேரும், வருமா என்பதே உறுதியில்லை. ஆயுள் காப்பீட்டில் நிலைமை இன்னும் விசித்திரமானது. வாக்குறுதி நிறைவேற வேண்டிய நாளில் அதை வாங்கியவர் உயிருடன் இருப்பதில்லை. என்ன கேட்டார்கள், என்ன சொன்னார், படிவத்தை யார் நிரப்பினார் என்று சாட்சி கூற அவர் வர இயலாது. அவருடைய மனைவியோ மக்களோ ஒரு காகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அலுவலகப் படியேறுகின்றனர்.

இரு தரப்பாரும் அறிந்தவை சமமாக இல்லாத சந்தைகளைப் பற்றிப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 1976-இல் ராத்ஸ்சைல்டு, ஸ்டிக்லிட்ஸ் ஆகிய இருவரும் இக்கருத்தைக் காப்பீட்டுச் சந்தைக்குப் பொருத்தி ஆராய்ந்தனர். தம் உடல்நிலையைக் காப்பீடு வாங்குபவர் அறிவார், விற்பவர் அறியார். எனவே நோயாளிகளே மிகுதியாகக் காப்பீடு வாங்க முற்படுவர். அதனால் விற்பவர் நட்டமடைவார் என்பது பாடநூல்கள் கூறும் செய்தி. இது உண்மையே, ஆனால் பாதி உண்மை. பாலிசியின் விதிகளை எழுதியவர் விற்பவர். விலக்குகள் எவை, காத்திருப்புக் காலம் எவ்வளவு, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பவற்றை அவரே அறிவார், வாங்குபவர் அறியார். அறியாமை இரு பக்கமும் உண்டு. சட்டம் நெடுங்காலம் ஒரு பக்கத்தை மட்டுமே கண்டது; மறுபக்கத்தை மெல்ல மெல்லவே காணத் தொடங்கியது. காப்பீட்டு நுகர்வோர் பாதுகாப்பின் வரலாற்றை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்.

முதற் பாதுகாப்பு: நிறுவனம் நிலைத்திருத்தல்

இந்தியாவில் நவீன ஆயுள் காப்பீடு கல்கத்தாவில்தான் தொடங்கியது. 1818-ஆம் ஆண்டில் அங்கு ஐரோப்பியர்கள் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தை நிறுவினர். 1834-இல் அது முறிந்தது. பொதுக் காப்பீட்டுத் துறையின் முதல் நிறுவனமான டிரைட்டன் நிறுவனமும் 1850-இல் கல்கத்தாவிலேயே தோன்றியது. தொடக்கக் காலத்தில் அயல்நாட்டு நிறுவனங்கள் இந்தியர்களின் உயிருக்குக் காப்பீடு வழங்க முன்வரவில்லை. கல்கத்தாவின் பெருவணிகர் மோதிலால் சீல் போன்றோரின் முயற்சியால் பின்னர் முன்வந்தன. ஆயினும் இந்தியரின் உயிரைத் தரம் குறைந்ததாகக் கருதிக் கூடுதல் பிரீமியம் வசூலித்தன. 1870-இல் பம்பாயில் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கமே இந்தியர்களுக்கு இயல்பான விகிதத்தில் காப்பீடு வழங்கிய முதல் இந்திய நிறுவனமாகும்.

வங்கப் பிரிவினைக்குப் பின் எழுந்த சுதேசி உணர்வு பல இந்தியக் காப்பீட்டு நிறுவனங்களைத் தோற்றுவித்தது. 1906-இல் நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனம் கல்கத்தாவில் உருவாயிற்று. மேலே கூறிய இந்துஸ்தான் கூட்டுறவுச் சங்கம் ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் இல்லத்தின் அறையொன்றில் பிறந்தது. இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் மகன் சுரேந்திரநாத் தாகூர் அதன் தோற்றத்தில் பெரும்பங்கு கொண்டார்.

ஆனால் நாட்டுப்பற்று மட்டும் நிதிநிலையைக் காக்காது. போதிய கணக்கீடின்றி, செலுத்துவோரிடம் திரட்டியதை இறந்தோர் குடும்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையிலும் காப்பீடு நடைபெற்றது. சேரும் உறுப்பினர் குறைந்தால் பங்கும் குறையும். 1912-ஆம் ஆண்டின் சட்டம், பிரீமிய அட்டவணைகளையும் காலமுறை மதிப்பீடுகளையும் ஆக்சுவரி எனப்படும் கணிப்பு வல்லுநர் சான்றளிக்க வேண்டும் என விதித்தது. 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் இன்னும் விரிவானது. ஆயுள் காப்பீட்டையும் பொதுக் காப்பீட்டையும் ஒருங்கே கட்டுப்படுத்திய முதற் சட்டம் அதுவே. பங்கீட்டு முறைக் காப்பீட்டை அது தடை செய்தது; முதலீடுகளுக்கு வரம்பு விதித்தது.

இதற்குப் பின்னும் நிறுவனங்கள் முறிந்தன. பாலிசிதாரர்களின் பணம் உரிமையாளர்களின் வேறு தொழில்களுக்குத் திருப்பப்பட்டது. 1956 ஜனவரி 19-ஆம் நாள் நிதியமைச்சர் சி. து. தேஷ்முக் ஆயுள் காப்பீட்டைத் தேசவுடைமையாக்கும் முடிவை வானொலியில் அறிவித்தார். 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றிணைக்கப்பட்டு அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. அதன் பாலிசித் தொகைக்கும் போனசுக்கும் மத்திய அரசு உறுதியளிப்பதாகச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு கூறுகிறது.

அரசுடைமையானதும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதை அடுத்த ஆண்டே உணர்த்தியது. கல்கத்தாவைச் சேர்ந்த தொழிலதிபர் ஹரிதாஸ் முந்திராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் 1957-இல் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. மக்களவையில் ஃபெரோஸ் காந்தி இதை எழுப்பினார், நீதிபதி எம். சி. சாக்ளா விசாரித்தார், நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958-இல் பதவி விலகினார். பாலிசிதாரரின் பணம் யார் கையில் இருந்தாலும் அதற்குக் கண்காணிப்பு வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சியின் பாடமாகும்.

1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடும் தேசவுடைமையாகி 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. அவற்றுள் நேஷனல் கல்கத்தாவையும், யுனைடெட் இந்தியா சென்னையையும் தலைமையிடமாகக் கொண்டன.

இரண்டாம் பாதுகாப்பு: ஒப்பந்தத்தின் நேர்மை

நிறுவனம் நிலைத்திருந்தால் போதுமா? போதாது. பணம் நிறைந்த பெட்டியும் திறக்க மறுத்தால் பயனில்லை. இங்கேதான் முழுமையான நன்னம்பிக்கை என்னும் கோட்பாடு வருகிறது.

1766-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு வழங்கிய தீர்ப்பு இக்கோட்பாட்டின் மூலமாகக் கருதப்படுகிறது. சுமத்ராத் தீவின் பென்கூலன் நகரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டை எதிரிகளிடம் வீழ்ந்தால் இழப்பீடு பெறுவதற்காக அதன் ஆளுநர் காப்பீடு செய்திருந்தார். கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தது. கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் எனக் கூறிக் காப்பீடு அளித்தவர் பணம் தர மறுத்தார். காப்பீடு செய்பவர் தாம் அறிந்த முக்கியச் செய்திகளைக் கூற வேண்டும் என்று நீதிபதி விதித்தார். ஆனால் நன்னம்பிக்கை இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னார். ஆளுநருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார். பிற்காலத்தார் முதற் பகுதியை நன்கு நினைவில் வைத்தனர்; இரண்டாம் பகுதியை மறந்தனர்.

இந்தியச் சட்டத்தில் இம்மறதிக்கு மருந்தாக வந்தது 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு. ஈராண்டு கழிந்தபின், பாலிசிதாரர் முக்கியமான செய்தியைத் தெரிந்தே மோசடியாக மறைத்தார் என நிறுவனம் மெய்ப்பித்தாலன்றி ஆயுள் பாலிசியை மறுக்க இயலாது என அது விதித்தது. 1962-இல் உச்ச நீதிமன்றம் இந்நிபந்தனைகள் யாவும் சேர்ந்தே நிறைவேற வேண்டும் என விளக்கியது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மேலும் எளிமையாக்கியது. பாலிசி வழங்கிய நாள், ஆபத்துப் பொறுப்பு தொடங்கிய நாள், காலாவதியான பாலிசி மீண்டும் உயிர்பெற்ற நாள் போன்றவற்றுள் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்றாண்டு கடந்துவிட்டால், எக்காரணம் காட்டியும் ஆயுள் பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்த இயலாது. அதற்குள் மறுப்பதாயினும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மோசடி அல்லாத பிற தவறுகளுக்காகப் பாலிசி மறுக்கப்பட்டால், செலுத்திய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இத்திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. காப்பீட்டுக்கு ஆள் சேர்த்து ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பவர், அவ்வொப்பந்தம் உருவாவதைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என அது கூறுகிறது. இதன் பொருள் என்ன? ஹூக்ளிக் கரையில் உள்ள ஒரு சணல் ஆலைத் தொழிலாளியைக் கற்பனை செய்து பார்ப்போம். அவருக்கு வங்காளமோ இந்தியோ தெரியும், ஆங்கிலம் தெரியாது. தமக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று முகவரிடம் சொல்கிறார். முகவரோ, அதை எழுதினால் மருத்துவப் பரிசோதனை, தாமதம் என்று எண்ணி, “இல்லை” என்ற கட்டத்தில் குறியிடுகிறார். தொழிலாளி கையொப்பமிடுகிறார். மறு ஆண்டு அவர் இறக்கிறார். முன்பெல்லாம் கையொப்பம் யாருடையதோ தவறும் அவருடையதே என்று நிறுவனம் வாதிடும். இன்றைய விதியின்படி, முகவர் கேட்டறிந்தது நிறுவனம் அறிந்ததே என்று குடும்பத்தார் எதிர்வாதம் செய்ய இடமுண்டு. ஆனால் அவர் முகவரிடம் சொன்னார் என்பதை மெய்ப்பிப்பது யார்? சொன்னவர் இல்லை, கேட்டவர் ஒப்புக்கொள்ளமாட்டார். உரிமை சட்டத்தில் இருக்க, சான்று எங்கும் இல்லாத நிலை இது.

இதற்காகவே 2002-ஆம் ஆண்டின் பாலிசிதாரர் நலப் பாதுகாப்பு ஒழுங்குமுறை சில கடமைகளை விதித்தது. படிவத்தை வேறொருவர் நிரப்பினால், அதன் உள்ளடக்கம் தமக்கு முழுமையாக விளக்கப்பட்டது என்ற சான்று பெறப்பட வேண்டும். முன்மொழிவுப் படிவத்தின் நகல் கட்டணமின்றிப் பாலிசிதாரருக்குத் தரப்பட வேண்டும். அந்நகலைப் படித்துப் பார்ப்பவரே தம் பெயரில் எழுதப்பட்ட பொய்யைத் தாம் உயிருடன் இருக்கும்போதே கண்டுபிடிக்க முடியும். 2017-லும் 2024-லும் இவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஓராண்டுக்குக் குறையாத ஆயுள், தனிநபர் மருத்துவப் பாலிசிகளை ஏற்றுக்கொள்ள விருப்பமில்லையெனில் 30 நாளுக்குள் திருப்பிவிடலாம். முன்பு இக்காலம் பொதுவாக 15 நாளாக இருந்தது.

கல்கத்தா வழக்கு ஒன்று

விதிகளின் நேர்மையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1995-இல் ஒரு முக்கியக் கருத்தை வெளியிட்டது. குறைந்த பிரீமியத்தில் கிடைக்கும் ஒரு காலவரைப் பாலிசியை அரசு மற்றும் பெரிய நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மட்டும் ஆயுள் காப்பீட்டுக் கழகம் வழங்கி வந்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் அமைப்பொன்று இதை எதிர்த்தது. காப்பீட்டின் நிபந்தனைகள் நியாயமானவையாகவும் பகுத்தறிவுக்கு ஒத்தவையாகவும் இருக்க வேண்டும். உழைத்துப் பிழைக்கும் பிற மக்களை விலக்குவது அரசியலமைப்புக்கு முரணானது என நீதிமன்றம் தீர்த்தது.

கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் வழியாக உச்ச நீதிமன்றம் சென்று 2001-இல் முடிவுற்ற வழக்கு இதன் தொடர்ச்சி எனலாம். மருத்துவக் காப்பீடு எடுத்திருந்த ஒருவருக்கும் பொதுத்துறை நிறுவனமொன்றுக்கும் இடையே இழப்பீடு குறித்து வழக்கு எழுந்தது. பின்னர் அவர் பாலிசியைப் புதுப்பிக்க முயன்றபோது, நிறுவனம் அந்த வழக்கையே காரணம் காட்டி மறுத்தது. உரிமையைக் கேட்டு வழக்காடியதற்காகப் புதுப்பிக்க மறுப்பது தன்னிச்சையான செயல் என்று நீதிமன்றம் கூறியது. அதோடு நிற்கவில்லை. புதுப்பித்தல் என்பது பழைய ஒப்பந்தத்தின் தொடர்ச்சி. ஆகவே உரிய நாளிலிருந்தே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்றும் கூறியது.

இரண்டாவது கருத்தின் பயனை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாலிசி புதிதாக வழங்கப்பட்டால், இடையில் தோன்றிய நோய் ஏற்கெனவே இருந்த நோயாகிவிடும். அதற்குக் காப்பு கிடைக்காது. முதுமையை நெருங்கும் ஒருவருக்கு இது காப்பீட்டையே இழப்பதற்கு ஒப்பாகும். இழப்பீடு கோரியதைக் காரணம் காட்டிப் புதுப்பித்தலை மறுக்கலாகாது என்பது இன்று மருத்துவக் காப்பீட்டின் பொது விதியாகிவிட்டது. 2024 முதல், தொடர்ந்து 60 மாதம் காப்பில் இருந்தவரின் கோரிக்கையை, மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, செய்தி மறைத்ததாகக் கூறி மறுக்க இயலாது. முன்பு இக்காலம் எட்டு ஆண்டாக இருந்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பும் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைக்கப்பட்டது.

மூன்றாம் பாதுகாப்பு: முறையிடும் வழி

உரிமை இருந்தும் அதை நிலைநாட்டும் வழி செலவுமிக்கதாயின் அது ஏழைக்கு உரிமையன்று. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் காப்பீட்டையும் சேவை என வரையறுத்து, உரிமையியல் நீதிமன்றத்தின் நீண்ட பாதைக்கு மாற்றாக ஒரு வழியைத் திறந்தது. 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பாலிசிதாரருக்கு இரு நன்மைகளைச் சேர்த்தது. முதலாவது, புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இரண்டாவது, ஆணையத்தின் அதிகார எல்லை, கோரும் தொகையைக் கொண்டன்றி, செலுத்திய விலையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. காப்பீட்டில் விலை என்பது பிரீமியமே. ஆகவே செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் மாவட்ட ஆணையத்திலேயே முடியும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து ஈராண்டுக்குள் புகார் தர வேண்டும்.

இதனினும் எளியது ஆம்பட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் முறை. 1998-ஆம் ஆண்டின் விதிகளால் தோன்றி, 2017-ஆம் ஆண்டின் விதிகளால் மாற்றியமைக்கப்பட்ட இம்முறைக்கு நாட்டின் பல நகரங்களில் அலுவலகங்கள் உள்ளன. கொல்கத்தா அலுவலகம் மேற்கு வங்கம், சிக்கிம், அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகியவற்றுக்குப் பொறுப்பானது. அந்தமானில் வாழும் தமிழர்களின் புகார்களும் அங்கேயே செல்லும். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு.

நடைமுறை இது: முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அது மறுத்தாலோ, ஒரு மாதத்தில் விடை தராவிட்டாலோ, விடை மனநிறைவளிக்காவிட்டாலோ ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் இழப்பீடு வழங்க முடியும். 2023 வரை இவ்வரம்பு 30 லட்சமாக இருந்தது. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதில் நிறைவடையாத பாலிசிதாரர் பிற மன்றங்களை நாடலாம். ஆனால் அதே வழக்கு நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருக்கும்போது இங்கு வர இயலாது. ஆதலின் எந்த வாயிலை முதலில் தட்டுவது என்பதை எண்ணித் துணிய வேண்டும்.

எளியோரின் காப்பீடு

2015 மே 9-ஆம் நாள் கொல்கத்தாவில் பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்ஷா பீமாத் திட்டங்கள் தொடங்கி வைக்கப்பட்டன. முன்னது எவ்வகை இறப்புக்கும், பின்னது விபத்தில் நேரும் இறப்புக்கும் ஊனத்துக்கும் 2 லட்சம் ரூபாய் வரை காப்பு அளிப்பவை. ஆண்டுப் பிரீமியம் முறையே 330 ரூபாயாகவும் 12 ரூபாயாகவும் இருந்து, 2022 ஜூன் முதல் 436 ரூபாயாகவும் 20 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கிலிருந்து தொகை தானாகவே கழியும்.

இவ்வெளிமையே இத்திட்டங்களின் வலிமை. இதுவே இவற்றின் பலவீனமும் ஆகும். இங்கு நீண்ட படிவம் இல்லை. மருத்துவப் பரிசோதனை இல்லை. எனவே மறைத்தல் பற்றிய வழக்குக்கும் பெரிதும் இடமில்லை. ஆனால் வேறொரு அறியாமை தலைதூக்குகிறது. கணக்கிலிருந்து 20 ரூபாய் கழிந்ததைக் கணக்குக்கு உரியவரே கவனியாதிருக்கலாம். அவர் விபத்தில் இறந்தால், காப்பு இருந்தது என்பதையே குடும்பத்தார் அறியமாட்டார்கள். மறுக்கப்பட்ட கோரிக்கைக்கு மன்றங்கள் உள்ளன; எழுப்பப்படாத கோரிக்கைக்கு எந்த மன்றமும் இல்லை.

செய்ய வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து அலுவலர்களும் மாணவர்களும் மனங்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவதாக, முன்மொழிவுப் படிவம் வாங்குபவர் அறிந்த மொழியில் அமைய வேண்டும். அவருடைய விடைகளை நிரப்பிய பின் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். விளக்கப்பட்டது என்ற அச்சிட்ட சான்றில் கையொப்பம் வாங்கிவிடுவது விளக்கியதாகாது.

இரண்டாவதாக, இறந்தவரின் சேமிப்புக் கணக்கை முடிக்க வரும் குடும்பத்தாரிடம் வங்கி அலுவலர், கணக்கிலிருந்து காப்பீட்டுப் பிரீமியம் கழிந்துள்ளதா எனத் தாமே பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; சில நிமிட அக்கறை போதும். இறப்புச் சான்று வழங்கும் உள்ளாட்சி அலுவலகங்களும் இச்செய்தியைப் பலகையில் எழுதி வைக்கலாம்.

மூன்றாவதாக, கோரிக்கை மறுக்கப்படும்போது அனுப்பும் மடலில், எந்த விதியின்படி மறுக்கப்பட்டது, எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பன எளிய மொழியில் இடம்பெற வேண்டும்.

நான்காவதாக, பாலிசிதாரரும் தம் கடமையை மறக்கலாகாது. நோயை மறைத்துக் குறைந்த பிரீமியம் செலுத்துபவர் நிறுவனத்தை மட்டும் ஏமாற்றுவதில்லை. அதே நிதியில் பங்குகொண்ட பிற எளியோரையும் ஏமாற்றுகிறார். நன்னம்பிக்கை இரு தரப்புக்கும் உரியது என்பதன் மறுபக்கம் இதுவே.

முடிவுரை

1834-இல் கல்கத்தாவின் முதற் காப்பீட்டு நிறுவனம் முறிந்தபோது பாலிசிதாரரைக் காக்க இங்கு காப்பீட்டுக்கெனத் தனிச் சட்டம் எதுவுமில்லை. இன்று நிறுவனத்தின் நிதி வலிமைக்கு ஒழுங்குமுறை ஆணையமும், ஒப்பந்தத்தின் நேர்மைக்குச் சட்டமும், முறையீட்டுக்குக் குறைதீர்ப்பாளரும் நுகர்வோர் ஆணையங்களும் உள்ளன. மூன்று அரண்களும் எழும்பிவிட்டன. ஆனால் பாலிசிதாரர் முதன்முதலில் நுழையும் வாயில் இவற்றுள் எதுவுமன்று. முகவரின் கையில் உள்ள படிவமே அந்த வாயில். அங்கே கேட்கப்படும் வினா புரிந்து, சொல்லப்படும் விடை அப்படியே எழுதப்படுமாயின், குறைதீர்ப்பாளரின் படிகளில் ஏறும் குடும்பங்களின் எண்ணிக்கை குறையும். நுகர்வோர் பாதுகாப்பின் வெற்றியை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.